கிடாரின் பக்கப்பலகை, பறையின் மரவளையம்: செய்தவர் பெயர் எங்கே?

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையாக மேடை ஏறியபோது, கிடாரும் பறையும் ஒரே மேடையில் நின்றன. அதன்பிறகு நம் கூட்டங்களில், கல்லூரி விழாக்களில் இந்த ஜோடி சாதாரணமாகிவிட்டது. இரண்டு கருவிகளையும் வாசிக்கத் தெரிந்த தோழர்கள் கோவையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கையால் செய்த ஒரு நல்ல கிடாரின் ஓசைத் துளைக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். செய்தவர் பெயர், ஊர், வருடம், சில சமயம் கையெழுத்து. அடுத்து உங்கள் பறையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் திறந்துதான் இருக்கிறது. மரவளையத்தின் உட்பக்கம் முழுதும் தெரிகிறது. எழுத இடம் தாராளமாக இருக்கிறது. பெயர் இருக்கிறதா?

இரண்டும் மரத்தை வட்டமாக்கும் வேலைதான். இரண்டிலும் நெருப்பு உண்டு, தண்ணீர் உண்டு, பசை உண்டு, கைப்பழக்கம் உண்டு. ஒன்றைச் செய்பவரை உலகம் கலைஞர் என்கிறது. இன்னொன்றைச் செய்பவரை ஊர் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. இந்த வித்தியாசம் மரத்தில் இருந்து வந்ததா? வேலையின் தரத்தில் இருந்து வந்ததா? வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் இல்லை என்று தெரியும்.

மரம் எப்படி வளைகிறது?

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். கிடாரின் உடம்பு 8 என்ற எண்ணைப் போல இருக்கும். மேல்பலகை, அடிப்பலகை இரண்டும் தட்டையானவை. அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்து, இடுப்பு ஒடுங்கி, வளைந்து வருகிறதே, அதுதான் பக்கப்பலகை. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன்.

2 மில்லிமீட்டர்தானே, கையால் வளைத்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. காய்ந்த பலகை பட்டென்று ஒடியும். மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பொருள். ஈரமும், 100 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடும் சேர்ந்தால் அது இளகும். இளகிய நேரத்தில் நார்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்று நகரும். அந்தச் சில விநாடிகளில் வளைத்துவிட வேண்டும். ஆறியதும் லிக்னின் மறுபடி இறுகும். மரம் புதிய வடிவத்தில் நின்றுவிடும்.

அதற்காகப் பலகையை நனைக்கிறார்கள். உள்ளே சூடேற்றிய ஓர் உலோகக் குழாயின்மீது வைத்து, இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி, முன்னும் பின்னும் அசைக்கிறார்கள். ஒரு கட்டத்தில் மரம் விட்டுக்கொடுக்கும். அது கைக்குத்தான் தெரியும். அவசரப்பட்டால் நார் பிய்யும். தாமதித்தால் மரம் கருகும். இடுப்பு வளைவுதான் ரொம்பக் கஷ்டம். ஏனென்றால் வளையும்போது உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். சூடான மரம் நசுக்கலை நன்றாகத் தாங்கும், இழுப்பை அவ்வளவாகத் தாங்காது. அதனால் வெளிப்பக்கம் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைச் சேர்த்துப் பிடித்து வளைப்பார்கள். பிறகு அச்சில் வைத்து இறுக்கி ஆறவிடுவார்கள். எடுத்த பிறகும் மரம் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். எவ்வளவு திரும்பும் என்பதைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே கொஞ்சம் கூடுதலாக வளைப்பதும் உண்டு.

இன்றைய கிடாரின் உடல் வடிவத்தை நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தெ தோரெஸ். ஸ்பெயினில் அல்மேரியா அருகே 1817-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தச்சு வேலைக்குப் போனவர். கிடாரின் ஓசை முக்கியமாக மேல்பலகையில்தான் பிறக்கிறது என்று நிரூபிக்க, 1862-இல் அடியையும் பக்கத்தையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து ஒரு கிடாரை உருவாக்கினார். அது இன்றும் பார்சலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தச்சுத் தொழிலாளியின் பரிசோதனையை உலகம் பெயரோடு, வருடத்தோடு, 160 ஆண்டு கழித்தும் பாதுகாக்கிறது. நல்லது. அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லாத் தொழிலாளிக்கும் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

நம் மலையிலிருந்து போன மரம்

கிடார் வெளிநாட்டுச் சரக்கு, அதற்கும் கொங்குநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு அந்தப் பக்கப்பலகையிலேயே இருக்கிறது.

உலகத்தின் விலையுயர்ந்த கிடார்களில் பக்கமும் அடியும் பெரும்பாலும் ரோஸ்வுட். முதலில் அது பிரேசிலில் இருந்து வந்தது. 1960-களின் கடைசியில் பிரேசில் மரம் கிடைப்பது சிரமமானது. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் கிடார் நிறுவனம் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மற்ற நிறுவனங்களும் மாறின. இந்திய ரோஸ்வுட் என்றால் நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். ஆனைமலை, நீலகிரி, வயநாடு, குடகு என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. இதில் ஒரு வகை எண்ணெய்ப்பசை உண்டு. சூட்டில் ஓரளவு இணங்கி வளையும், வளைந்த பிறகு வடிவம் மாறாமல் நிற்கும்.

இந்த மலைக் காடுகள் வெள்ளைக்காரன் காலத்திலேயே மரக்கிடங்காக மாற்றப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆனைமலைத் தேக்கை அரசு வெட்டத் தொடங்கிவிட்டது. டாப்ஸ்லிப் என்ற ஊர்ப்பெயரே மேலிருந்து மரத்தடிகளைச் சரிவில் உருட்டிவிட்டதால் வந்தது. 1902-இல் கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1912-இல் இங்கேயே சென்னை மாகாணத்தின் வனக் கல்லூரி தொடங்கியது. எந்த மரம் எதற்கு ஆகும், எவ்வளவு கனம், எப்படி அறுபடும் என்ற அறிவெல்லாம் கோவையில்தான் எழுதப்பட்டது, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கப்பட்டது.

அருங்காட்சியகத்துக்கு அதிகாரியின் பெயர் நிலைத்தது. அந்த மரங்களை அடையாளம் காட்டியவர்கள், வெட்டியவர்கள், யானையைக் கொண்டு இழுத்தவர்கள் யார்? மலசர், காடர், முதுவர் போன்ற பழங்குடி மக்கள். ஆனைமலை யானை முகாம்களில் மலசர் மாவூத்துகள் இன்றும் இருக்கிறார்கள். மரத்தைப் பற்றிய அறிவு அவர்களிடம் இருந்தது. அந்த அறிவு புத்தகத்தில் ஏறும்போது ஆசிரியர் பெயர் மாறிவிட்டது.

உலகமெங்கும் மேடைகளில் மின்னும் கிடார்களின் வளைந்த விலாவில் நம் மலைக்காட்டு மரமும் இருக்கிறது. ஆனால் அது பேசும் வரலாற்றில் நம் மக்கள் இல்லை.

'நீ கிடார் செய்யக்கூடாது'

கிடார் செய்பவர்களும் எப்போதும் மதிக்கப்பட்டவர்கள் இல்லை. மார்ட்டின் நிறுவனத்தின் தோற்றமே ஒரு தொழில் தகராறில் இருந்து வந்தது. இதை நம் மாணவத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் மார்க்னொய்கிர்ஷன் என்ற ஊர். அங்கே வயலின் செய்பவர்களுக்கு ஒரு தொழிற்குழு, மரச்சாமான் செய்யும் தச்சர்களுக்கு வேறொரு தொழிற்குழு. மார்ட்டின் குடும்பம் தச்சர் குழுவைச் சேர்ந்தது. தச்சர்கள் கிடார் செய்ய ஆரம்பித்தார்கள். வயலின் குழு 1826-இல் அதிகாரிகளிடம் முறையிட்டது. நாங்கள் கலைஞர்கள், இவர்கள் வெறும் மேசை நாற்காலி செய்கிறவர்கள், இசைக்கருவி செய்ய இவர்களுக்கு உரிமை இல்லை என்பது அவர்கள் வாதம். தகராறு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் தச்சர்கள் கிடார் செய்யலாம் என்றே முடிவானது. ஆனாலும் கிறிஸ்டியன் பிரடெரிக் மார்ட்டின் 1833-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். சில ஆண்டுகள் நியூயார்க்கில் கடை நடத்திவிட்டு, பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் குடியேறினார். மீதி உலகத்துக்கே தெரியும்.

இதைப் படிக்கும்போது நமக்கு ஒரு கேள்வி வர வேண்டும். இதுவும் சாதி மாதிரிதானே? 'எல்லா நாட்டிலும் தொழில் பிரிவு இருந்தது, இங்கேயும் இருந்தது, இதில் என்ன தவறு' என்று நம்மிடம் வாதாடுபவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் இந்தக் கதையிலேயே இருக்கிறது. மார்ட்டின் வழக்காட முடிந்தது. அவர் தரப்பு ஜெயிக்க முடிந்தது. ஊரை விட்டுப் போக முடிந்தது. போன ஊரில் தச்சன் மகன் என்று யாரும் அவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தவில்லை. அவர் கை பட்ட கிடாரை யாரும் தண்ணீர் தெளித்து எடுக்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே இந்த வேறுபாட்டை விளக்கிவிட்டார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து அடைக்கிறது. தொழிற்குழுவின் கதவு கடினமானது, தட்டினால் சில நேரம் திறந்தது. சாதியின் அறைக்குக் கதவே வைக்கவில்லை.

பான்ஜோ சொல்லும் பாடம்

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. பான்ஜோ என்ற கருவியின் கதை.

ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்கள் தங்கள் நினைவிலிருந்து உருவாக்கியது பான்ஜோ. சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், ஒரு கம்பு, நரம்புகள். 1840-களில் பால்டிமோர் நகரத்தில் வில்லியம் பௌச்சர் என்பவர் பான்ஜோவைக் கடைச்சரக்காகச் செய்யத் தொடங்கினார். அவர் முரசு செய்பவர். முரசுக்கு மரத்தை வளைக்கிற அதே முறையில் மெல்லிய பலகையை வளைத்து வளையமாக்கி, சுரைக்குடுக்கைக்குப் பதிலாக வைத்தார்.

மரத்தை வளைக்கும் தொழில்நுட்பம் வந்தது, கருவி ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் செய்யக்கூடிய சரக்கானது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் வெள்ளையர் நாடகங்களில் அதுதான் முக்கிய வாத்தியம். தங்கள் கருவி தங்களை அவமானப்படுத்தும் கருவியாக மாற்றப்பட்டதைக் கண்டு கறுப்பின மக்களில் பலர் அதைக் கைவிட்டார்கள். நூறு வருடத்தில் பான்ஜோ வெள்ளைக்காரக் கிராமத்து வாத்தியம் என்றே உலகம் நம்பியது. 2005-இல் வட கரோலினாவில் கறுப்பின பான்ஜோ கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். ரியானன் கிடன்ஸ் போன்றவர்கள் அந்தக் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரலாற்றையும் சேர்த்துப் பாடினார்கள்.

இதில் நமக்கான பாடம் இது: அவமானத்தின் காரணமாக ஒரு கருவியைக் கைவிடும் உரிமை அந்த மக்களுக்கு முழுமையாக உண்டு. ஆனால் செய்முறையும் பெயரும் பதிவாகாமல் கைவிட்டால், அடுத்தவர் அதை எடுத்துத் தன் பெயரை எழுதிக்கொள்வார்.

பறையின் வளையம்

இப்போது நம் பறைக்கு வருவோம். பறையின் மரம் வளைத்தது கிடையாது. வில்போல வளைவாக அறுத்த மரத்துண்டுகள், வழக்கமாக மூன்று, ஒன்றோடொன்று முட்டவைத்து, இணைப்பில் இரும்புத் தகடு அடித்து வட்டமாக்கப்படுகின்றன. வேம்பு விரும்பப்படும் மரம். விட்டம் சுமார் ஓர் அடியும் இரண்டு அங்குலமும். அதன்மேல் மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள்.

ஏன் வளைக்கவில்லை? வளைக்கத் தெரியாததாலா? மூங்கிலை நெருப்பில் வாட்டி வளைத்துக் கூடையும் முறமும் செய்த ஊர் இது. மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், வெளியே வட்டை. அந்த வட்டையும் வளைத்த மரம் கிடையாது, வளைவாக அறுத்துச் சேர்த்த துண்டுகள்தான். காரணம் சுமை. ஒட்டிய தோல் காயும்போது சுருங்கும். வட்டம் முழுவதையும் உள்நோக்கி இழுக்கும். நெருப்பில் காய்ச்சும்போது இன்னும் இறுகும். அந்த இழுப்புக்கும், மணிக்கணக்கில் விழும் குச்சியடிக்கும், ஊர்வலத்தின் வெயிலுக்கும் மழைக்கும் கனமான துண்டுகள் பொருத்தமானவை. ஒரு துண்டு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். என் கணிப்பில் வண்டிச் சக்கரத்தையும் பறையையும் ஒரே சிந்தனை உருவாக்கியிருக்கிறது. அது தேர்ந்த பொறியியல் சிந்தனை.

நெருப்பின் பயனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிடார் செய்பவர் ஈரத்தோடு சூட்டைச் சேர்த்து மரத்தை இளக்குகிறார். பறை அடிப்பவர் சூட்டால் தோலின் ஈரத்தை விரட்டி முறுக்கேற்றுகிறார். எந்த அளவு சூட்டில் தோல் கணீரென்று பேசும், எந்த அளவைத் தாண்டினால் கிழியும் என்பது கைக்கும் காதுக்கும் தெரிந்த அறிவு. அளவுகோல் இல்லாமல் அப்பா மகனுக்குக் கொடுத்தது. கிடார் பட்டறையில் இதற்குப் பெயர் கலை நுணுக்கம். சாவு வீட்டு வாசலில் காய்ச்சினால் அதற்குப் பெயர் வேறு.

பறை என்றால் சொல் என்று அர்த்தம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்திருக்கிறது. அதாவது பறை இல்லாத நிலமே இல்லை. அப்படிப்பட்ட கருவியின் பெயரிலிருந்து வந்த சொல்லை ஆங்கில அகராதி 'ஒதுக்கப்பட்டவன்' என்று எழுதிவைத்திருக்கிறது.

கொங்கில் தோலும் தண்ணீரும்

கொங்குநாட்டில் இந்தக் கதைக்குத் தனி முகம் உண்டு. இங்கே தோல் வேலையும் தப்பட்டையும் பெரும்பாலும் அருந்ததியர் மக்கள்மீது சுமத்தப்பட்டவை. இது வறண்ட பூமி. ஆற்றுப் பாசனம் குறைவு. கிணறுதான் விவசாயம். ஆழமான கிணற்றில் இருந்து எருது கட்டிக் கவலை இறைத்தார்கள். சாலோடு சேரும் தோலை உரித்து, பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள் அருந்ததியர். கவலை ஓட்டிய பண்ணையாள்களிலும் அவர்களே அதிகம். சுருக்கமாகச் சொன்னால் கொங்கு வெள்ளாமைக்குத் தண்ணீர் ஏறியதே தலித் கைவேலையில்தான். அந்தத் தண்ணீரைத் தொட்டு எடுக்க மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை.

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. பிறகு மோட்டார் பம்பு கிணற்றுக்கு வந்தது. கோவை பம்பு ஊரானது. கவலை போனது. தோலைத் தைத்த கைகளின் தொழிலும் போனது. அந்தக் கைவினை அறிவுக்கு அருங்காட்சியகம் திறக்கப்படவில்லை. அவர்களை மில்லுக்கும் பட்டறைக்கும் மிஸ்திரியாகக் கூப்பிட்டவர்களும் அதிகம் இல்லை. தோலைத் தொட்ட தொழில் போனது, தோலைத் தொட்டதால் வந்த தீட்டு மட்டும் போகவில்லை.

அதனால்தான் பல ஊர்களில் இளைஞர்கள் 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று தப்பட்டையைக் கீழே வைத்தார்கள். அதற்காக ஊர்விலக்கமும் அடியும் வாங்கினார்கள். அது போராட்டம்தான். 1990-களுக்குப் பிறகு தலித் கலைவிழாக்கள் வழியாகப் பறையை விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்தார்கள். அதுவும் போராட்டம்தான். கோவையில் நிமிர்வு கலையகம் போன்ற குழுக்கள் மூலம் பெண்களும் எல்லாச் சாதி இளைஞர்களும் இன்று பறை கற்கிறார்கள். 2025-இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. அடிப்பவர் மேடைக்கு வந்துவிட்டார். செய்பவர் எப்போது வருவார்?

இது பறைக்கு மட்டும் உள்ள கேள்வி இல்லை. சபாக்களில் புனிதமாக வைத்து வணங்கும் மிருதங்கமும் தோல்தான். பலாமரக் கூட்டில் மாடு, ஆடு, எருமைத் தோல்களை வார்த்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். இந்தப் பெயர்களைப் பதிவு செய்து டி.எம். கிருஷ்ணா 2020-இல் புத்தகம் எழுதினார். வெளியீட்டுக்கு முதலில் அனுமதி கொடுத்த கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. செய்தவர் பெயரைச் சொல்வதே இங்கே சர்ச்சை.

2017: ஒரே வருடம், இரண்டு விதிகள்

பெயர் இல்லாவிட்டால் என்ன, கூலி கிடைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பெயர் வெறும் பெருமைக்கு இல்லை. 2017-ஆம் வருடத்தைப் பாருங்கள்.

அந்த வருடம் ஜனவரி 2-ஆம் தேதி, அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின்கீழ் ரோஸ்வுட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிடாரை நாடு தாண்டி விற்பதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை. கிடார் நிறுவனங்களும் இசைக்கலைஞர்களின் அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து பேச்சுவார்த்தைக்குப் போயின. 2019-இல் நடந்த மாநாட்டில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. கவனிக்க வேண்டியது, பேசுவதற்கு அவர்களுக்கு மேசையில் இடம் இருந்தது என்பதைத்தான்.

அதே 2017 மே மாதம் ஒன்றிய அரசு, சந்தையில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சில நாள்களில் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. அந்த நாள்களில் தொலைக்காட்சி விவாதங்கள் உணவு உரிமையைப் பேசின, சரிதான். விவசாயியைப் பேசின, சரிதான். மாட்டுத்தோல் இல்லாமல் பறை இல்லை, தவில் இல்லை, மிருதங்கம் இல்லை, அதைச் செய்யும் குடும்பங்கள் என்ன ஆகும் என்று எத்தனை பேர் கேட்டோம்?

கிடார் செய்பவருக்கு விலாசம் உண்டு, சங்கம் உண்டு, அதனால் விலக்கு வந்தது. பறை செய்பவர் யார் என்றே பதிவில்லை என்றால், அவர் பாதிப்பு எந்த மனுவில் ஏறும்? எந்த நலவாரியத்தில் அவர் கைவினைஞராகப் பதிவார்? பெயர் என்பது உரிமை கேட்பதற்கான முதல் ஆவணம்.

நாம் செய்ய வேண்டியவை

இளம் தோழர்களுக்கு நான்கு வேலைகள் சொல்கிறேன். எதற்கும் பெரிய நிதி வேண்டியதில்லை.

முதலாவது, உங்கள் பறையைச் செய்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள். கடையில் வாங்கியிருந்தால் கடைக்காரரிடம் கேட்டு, அவருக்குக் கொடுத்தவர் வரைக்கும் போங்கள். அவர் சம்மதித்தால் வளையத்தின் உட்பக்கம் பெயர், ஊர், வருடம் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குவார். உட்கார்ந்து பேசுங்கள்.

இரண்டாவது, செய்முறையை எழுதுங்கள். எந்த மரம், எப்போது வெட்டியது, எத்தனை நாள் காய்ந்தது, எத்தனை துண்டு, தடிமன் எவ்வளவு, தகட்டை எப்படி அடிக்கிறார்கள், தோலை எத்தனை நாள் ஊறவைக்கிறார்கள், பசையை எப்படிக் காய்ச்சுகிறார்கள். அவர் பயன்படுத்தும் சொற்களை அப்படியே எழுதுங்கள், உங்கள் கல்லூரித் தமிழுக்கு மாற்றாதீர்கள். இப்போது இரும்பு வளையமும் பிளாஸ்டிக் தோலும் போட்ட பறைகள் அதிகமாகிவிட்டன. மழைக்குத் தாங்கும், காய்ச்ச வேண்டியதில்லை என்பது உண்மைதான். யாருக்கும் அதில் தடை சொல்லவில்லை. ஆனால் மரவளையம் செய்யத் தெரிந்த கடைசிக் கை ஓய்வதற்குள் அந்த அறிவு எழுத்தில் ஏற வேண்டும்.

மூன்றாவது, விலை. இறக்குமதிக் கிடாருக்குப் பல ஆயிரங்களைப் பேரம் பேசாமல் கொடுக்கும் நாம், பறை செய்பவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசக்கூடாது. பயிற்சிப் பட்டறை நடத்தினால் வாசிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கு இணையான மதிப்பூதியம் செய்பவருக்கும் கொடுங்கள்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். நம் பிள்ளைகள் பறை செய்யத்தான் பிறந்தவர்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, நாமும் பெருமை என்ற பேரில் அதைச் சொல்லிவிடக்கூடாது. மரத்தை வளைக்கக் கற்றுக்கொள்ளும் ஆசை ஓர் அருந்ததியர் வீட்டுப் பெண்ணுக்கு வந்தால், அவள் கிடார் செய்யட்டும். கோவையில் கடைசல் பட்டறைகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பஞ்சமில்லை. சூடேற்றிய குழாயும், நனைத்த பலகையும், பொறுமையும் போதும் தொடங்குவதற்கு. பறை செய்ய ஆசைப்படும் பிற சாதிப் பிள்ளையும் அந்த ஆசானின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கொடுக்கும் தண்ணீரைக் குடித்து, தோலைத் தொட்டுக் கற்றுக்கொள்ளட்டும். எந்தக் கை எந்த வேலையையும் தேர்ந்தெடுக்கலாம், எந்த வேலைக்கும் எந்தக் கையும் கட்டப்படவில்லை என்ற நாள்தான் சாதி ஒழிந்த நாள்.

அடுத்த கூட்டத்தில் கிடாரும் பறையும் மறுபடி ஒரே மேடைக்கு வரும். அறிவிப்பாளர் வாசிப்பவர்களின் பெயரைச் சொல்லுவார். அதோடு இரண்டு கருவிகளையும் செய்தவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒலிவாங்கியில் அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஜெய் பீம்!